ஆயர் ஈத்தாமில் ஒரு கிரேக்கத் தேவி

கிரேக்க தேசத்தை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்னையில் ஒரு கல்லூரியில் மேல்நாட்டுத் தத்துவமும் கலையும் போதிக்கிறவனுடைய சம்பளத்தில் அந்த ஆசை பினாங்கு வரைக்கும்தான் எட்டியது.

விஷயம் இதுதான். மலாயாவில், பினாங்குத் தீவில், தேவசகாயம் என்ற தமிழ் டாக்டர் ஒருவர், இளவயதில் சீமையில் படித்தபோது வாங்கிவந்த கிரேக்கச் சிலை ஒன்றை எங்கள் கல்லூரிக்குத் தானமாகத் தருவதாகக் கடிதம் எழுதினார். மூலச்சிலை சலவைக்கல், அது ஐரோப்பாவில் ஏதோ ஒரு காட்சிசாலையில் இருக்கிறது. இவரிடம் இருந்தது அதிலிருந்து அச்செடுத்து வெள்ளைச் சாந்தில் வார்த்த நகல். நாலடி உயரத்தில் ஒரு தேவி. இடுப்புக்குக் கீழே துணி; மேலே ஒன்றுமில்லை; இரண்டு கைகளும் தோளோடு போய்விட்டவை. மூலத்திலேயே அப்படித்தான்.

அந்தக் கடிதத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினாறு வருஷமாக நான் கிரேக்கக் கலையை நடத்தியதெல்லாம் உள்ளங்கை அகலப் படங்களை வைத்துக்கொண்டுதான். நாற்பது பையன்களுக்கு ஒரு படம். அது கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேருவதற்குள் மணி அடித்துவிடும். கிரேக்கர்கள் கண்டுபிடித்த அளவு, இசைவு, ஒரு காலில் பாரத்தை இறக்கி மறுகாலைத் தளர்த்தி நிற்கும் அந்த நிலை, இவற்றையெல்லாம் சுற்றிவந்து பார்க்கும்படியாக ஒரு முழு உருவம் என் வகுப்பறையில் நிற்கப் போகிறது! நானே போய்க் கொண்டுவருகிறேன் என்று எங்கள் முதல்வரான வெள்ளைக்காரத் துரையிடம் விடாமல் மன்றாடினேன். என் தொல்லை தாங்காமல் அனுப்பிவைத்தார்.

பினாங்கில் கால் வைத்ததும் முதலில் காதில் விழுந்தது தமிழ். "ஏய், மூட்டையப் பாத்து எறக்கு லா, தண்ணில போட்டுறாத!" என்று ஒருவன் கத்தினான்; வாக்கியத்தின் வாலில் ஒட்டிய அந்த 'லா' மட்டும் ஊர்ச்சரக்கு. கடல் தாண்டி ஏழு நாள் வாந்தி எடுத்து வந்ததற்கு இதுவா பலன் என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் ரிக்ஷா இழுத்தவர் சீனர். அவருக்கு என் தமிழும் தெரியாது, என் இங்கிலீஷும் தெரியாது. ராணித் தெரு என்று இரண்டு பாஷையிலும் சொன்னேன். அவர் என் தலைப்பாகையையும் நீளக் கோட்டையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிச்சயமாக ஓடினார். கொண்டுபோய் இறக்கிய இடம் கோர்ட்டு. சாட்சி சொல்ல வந்தவன் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. அங்கே வாசலில் நின்ற தமிழ்ச் சேவகர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே, "ராணித் தெருவா அண்ணே? பக்கம்தான் லா, நடந்தே போயிடலாம்" என்று வழிகாட்டினார். பெட்டி என் தலையில், வெயில் பெட்டியின் தலையில்.

ராணித் தெருவில் பிள்ளைமார் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை மாடியில் எனக்கு இடம். இட்லி நம் ஊர் இட்லிதான். சயாம் அரிசியானதால் விரலை விட மறுத்தது. விடிந்ததும் தெருவில் ஒரு முஸ்லிம் வியாபாரி, தோளில் கம்பு வைத்து இருபுறமும் கூடை தொங்கவிட்டு வருவார். ஒரு கூடையில் சோறு, மறு கூடையில் மீன் குழம்பு. துறைமுகத்துக் கூலிகள் அவரைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் சைவன். வாசனைக்கு விலக்கு இல்லையே என்று மாடிச் சன்னலில் நின்றுகொண்டு மூச்சை இழுத்து விட்டதோடு சரி.

வந்த அன்று மாலையே டாக்டரைப் பார்க்கப் போனேன். கடலோரம் பெரிய பங்களா. அறுபத்தைந்து வயதிருக்கும், நெடிய மனிதர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நான் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சிலையைக் காணோம்.

"அது பின்னறையில இருந்துச்சு, புரொபசர்," என்றார். "பன்னெண்டு வருஷமா ஒரு போர்வையப் போட்டு மூடி வச்சிருந்தேன். இப்ப ஆயர் ஈத்தாம்ல கனகசபைன்னு ஒரு ஸ்தபதிகிட்ட இருக்கு. கழுவிப் பெட்டி கட்டச் சொல்லி அனுப்பியிருக்கேன். நல்ல வேலைக்காரன். நீங்க அங்கேயே போய் எடுத்துக்கலாம்."

"அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை..." என்று இழுத்தேன்.

"வேண்டாம். நான் பாக்க வேண்டியதில்லை." பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. கிரேக்கத்தின் மேல் போர்வை போட்டு மூடிவைக்கிற மனிதர்! ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். திறந்த மார்பைப் பார்த்துக் கூச்சப்பட்டிருப்பார் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றுகூட நினைத்தேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

மறுநாள் காலை டிராமில் ஆயர் ஈத்தாமுக்குப் புறப்பட்டேன். மலையடிவாரத்து ஊர், பட்டணத்திலிருந்து தண்டவாளம் நேராக அங்கே போகிறது. பாதி வழியில் ஓர் எருமை தண்டவாளத்தின் நடுவே படுத்துவிட்டது. ஓட்டுநர் மணி அடித்தார், கண்டக்டர் இறங்கிப்போய் மலாயில் அதட்டிப் பார்த்தார், பிறகு சீனத்தில், கடைசியில், "எழுந்திருடி ஆத்தா, நேரமாவுது" என்று தமிழில் கெஞ்சினார். அது எழுந்தது. வண்டி முழுக்கக் கைதட்டல். எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு மலாய்க்காரர் தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவிலிருந்து கொண்டுவந்த டுரியான் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பழத்தின் மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. எருமை எழுந்து வழிவிட்டதற்கு அதுகூடக் காரணமாயிருக்கலாம்.

ஆயர் ஈத்தாம் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, எதிரே ஒரு சீனர் காப்பிக் கடை. கரியடுப்பில் வாட்டிய ரொட்டியில் பச்சை நிறத்தில் இனிப்பாக ஏதோ தடவிக் கொடுத்தார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அமிர்தமாக இருந்தது. மூன்று துண்டு உள்ளே போன பிறகுதான் அவர், "முட்டையும் உண்டு லா" என்று சேர்த்துக்கொண்டார். ஏழு தலைமுறைச் சைவம் ஒரு ரொட்டித் துண்டில் போயிற்று. நாலாவது துண்டை வாங்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்தபதியின் கொட்டகை ஒரு ஓடையோரம் இருந்தது. கோயில் ஒன்றுக்குச் சுதை வேலை நடந்துகொண்டிருந்தது. கூரைக்குக் கீழே பாதி வளர்ந்த துவாரபாலகர்கள், வர்ணம் பூசாத யாளிகள், சுண்ணாம்புச் சாந்து ஊறும் தொட்டி, கடுக்காயும் வெல்லமும் கலந்த ஒரு வாடை. கனகசபைக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. சிதம்பரத்துப் பக்கம்; வந்து பத்து வருஷம் ஆகிறது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர, "வாங்க சார், உங்க அம்மன் தயாரா நிக்கிறா" என்று சாக்கை விலக்கினார்.

தேவி நின்றாள். வலதுகாலில் பாரம், இடது முழங்கால் துணிக்குள் மெல்ல மடிந்திருந்தது, இடுப்பு வலப் பக்கம் உயர, தோள் அதே பக்கம் தாழ்ந்திருந்தது. பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் கோடு கோடாகக் கிழித்துக் காட்டிய நிலை என் முன்னால் சதையாக நின்றது. என் கண் கலங்கியது உண்மை. ஒரு நொடிதான். பிறகு பார்த்தேன்.

அவளுக்கு இரண்டு கைகள் இருந்தன.

வலது கை உடம்பின் குறுக்கே இறங்கி, இடுப்பில் நழுவும் துணியை விரல்களால் இறுகப் பிடித்திருந்தது. இடது கை லேசாக மடங்கி, தொடையோரம் அதே துணியின் மடிப்பைத் தாங்கியிருந்தது. வெள்ளைச் சாந்து, பழைய சாந்தின் நிறத்துக்கே கொண்டுவரப்பட்டிருந்தது. இணைத்த இடமே தெரியவில்லை.

"இது என்ன, ஸ்தபதி?" என்றேன்.

"கை சார்."

"கை என்று தெரிகிறது! உங்களை யார் வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலே. டாக்டர் ஐயா கழுவிப் பெட்டி கட்டத்தான் சொன்னாரு." அவருக்கு என் கோபம் புரியவில்லை. "ஆனா கை ஒடஞ்சு பின்னமான உருவம் இல்லையா சார். பின்னப்பட்டதை வீட்லயே வச்சிருக்கக் கூடாது, ஆத்துல விட்டுறணும்பாங்க. அதைப் போய் நான் பெட்டியில அடைச்சு, கடல் கடந்து, பிள்ளைங்க படிக்கிற எடத்துக்கு அனுப்புறதா? எனக்கு மனசு வரலே. அந்த ஐயா என் காய்ச்சலுக்கு ராத்திரி பகலா பாத்தவரு. அவரு குடுக்கற தானம் முழுசா இருக்கட்டும்னு பதினெட்டு நாள் உக்காந்து செஞ்சேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கும் இல்லை. பிடித்த பிடி அத்தனை நேர்த்தி. அதுதான் என்னை இன்னும் வதைத்தது. தலைகீழாக நின்று விளக்கினேன். உலகத்தில் எவ்வளவோ பெரிய சிற்பிகள் இதற்குக் கை வைக்கத் துணியவில்லை. இது உடைந்தபடியே பூரணம். இதைக் கண்டவர்கள் கையைத் தேடுவதில்லை, உடம்பின் இசைவைப் பார்க்கிறார்கள் என்றேன்.

"கை இல்லேன்னா யாருன்னு எப்படி சார் தெரியும்?" என்று நிதானமாகக் கேட்டார் கனகசபை. "சங்கு சக்கரம் இருந்தா பெருமாள். மானும் மழுவும் இருந்தா சிவன். நாம கையப் பாத்துத்தானே கும்பிடறோம், முகத்தப் பாத்தா?"

"இவளைக் கும்பிடப் போவதில்லை. படிக்கப் போகிறோம்."

"அப்ப ரெண்டு கையோட படிங்களேன்!"

கையை எடுத்துவிடும்படி சொன்னேன். அவர் முகம் வாடியது. ஒரு மெல்லிய ரம்பத்தையும் உளியையும் எடுத்துவந்து, பலகைமேல் மரியாதையாக வைத்தார். "உங்க பொருள் சார். வேண்டாம்னா நீங்க எடுங்க. ஒரு உருவத்தைப் பின்னம் பண்ண நான் உளி எடுக்க மாட்டேன். எங்க வம்சத்துல யாரும் எடுத்ததில்லே. ஆனா ஒண்ணு, தோளுக்குள்ள செம்புக் கம்பி எறக்கியிருக்கேன். பாத்து அறுங்க. தப்பினா நெஞ்சு வரைக்கும் வெடிச்சிரும்."

உளியை எடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டுப் பலகைமேலேயே வைத்தேன். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டிராமைப் பிடித்தேன்.

மூன்றாம் நாள் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். மூலச்சிலையின் படத்தைக் காட்டி அவரை வாயடைக்கச் செய்வது திட்டம். கனகசபை படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தென்னை ஓலை நறுக்கை எடுத்துச் சிலையின் முகத்தின்மேல், நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரைக்கும், வைத்து மடித்தார். அந்த மடிப்பைக்கொண்டு மேலிருந்து கீழே அளந்துகொண்டே வந்தார்.

"நம்ம அம்மனுக்கு ஒம்பது முகம் உயரம். இவளுக்குக் கணக்கு வேற. ஆனா கணக்கு இருக்கு சார். முகத்துக்கு மார்பு, மார்புக்கு இடுப்பு, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசுது. அந்தக் கணக்கை மொதல்ல கண்டுபிடிச்சேன். அப்புறம்தான் முழங்கைக்கு எவ்வளவு, உள்ளங்கைக்கு எவ்வளவு, விரலுக்கு எவ்வளவுன்னு தானா வந்துச்சு. என் கணக்கு இல்லே, அவ கணக்கு."

விரலுக்கு உள்ளங்கை, உள்ளங்கைக்கு முழங்கை, அதற்கு முழு உடம்பு. அழகு என்பது உறுப்புகளுக்குள்ளே இருக்கும் விகிதம். கிரேக்கச் சிற்பிகள் சொன்ன இந்தக் கொள்கையை வருஷா வருஷம் நான் பையன்களுக்கு ஒப்பிக்கிறேன். ஒருத்தனும் ஓலையை எடுத்து அளந்து பார்த்ததில்லை. நானும்தான்.

"சரி, அளவு இருக்கட்டும். துணியைப் பிடிக்கிறாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "ஆப்பிள் வைத்திருந்தாள் என்கிறார்கள், கண்ணாடி வைத்திருந்தாள் என்கிறார்கள். அறிஞர்கள் நூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள்."

கனகசபை சிரித்துவிட்டார். "சேல நழுவுது சார்! எந்தப் பொம்பளையா இருந்தாலும் மொதல்ல அதத்தான் பிடிப்பா. பழத்தையா பிடிச்சிட்டு நிப்பா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஏதென்ஸ் நகரத்துத் தத்துவஞானி ஒருவருடைய வாதத்தைத் தமிழில் எடுத்துவிட்டேன். உண்மையான உரு ஒன்றே. அது எங்கோ மாறாமல் இருக்கிறது. உலகத்தில் நாம் காணும் பொருள் அதன் நிழல். சிற்பி செய்வது அந்த நிழலைப் பார்த்து ஒரு நிழல். ஆகவே அந்த உரு முதல் படி என்றால் உங்கள் கை மூன்றாம் படியில் நிற்கிறது என்றேன்.

அவர் சாந்தைக் குழைத்துக்கொண்டே யோசித்தார். "அப்படின்னா நெசமான பொம்பள ஒரு நெழலு. அவளப் பாத்து எவனோ கல்லுல செஞ்சான், அது ரெண்டு. அதுக்கு அச்சு எடுத்து ஊத்தினது மூணு. நீங்க கையே இல்லாம கொண்டுபோனாலும் மூணாவது நெழலத்தானே சார் கொண்டுபோறீங்க? கூட ஒரு கை நெழல் வந்தா என்ன போச்சு?"

நான் காப்பிக் கடைக்குப் போனேன்.

ஆனாலும் என் நெஞ்சு ஆறவில்லை. கை நன்றாக இருக்கிறது என்பதல்ல கேள்வி. இதை வகுப்பில் நிறுத்தி, இதுதான் கிரேக்கம் என்று நான் எப்படிச் சொல்வேன்? துரை பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். அடுத்த வாரம் ஊரே சிரிக்கும். கையை அறுத்தால் சிலையே போகலாம். அறுக்காமல் கொண்டுபோனால் அது கிரேக்கச் சிலை இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, வாழ்நாளில் ஒரு தடவை கிடைத்தது இப்படியா கிடைக்க வேண்டும் என்று மாடியில் படுத்து ஏங்கினேன்.

நாலாம் நாள் முழுக்க மழை. ராணித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் முறை; அவருடைய பொருள் கெட்டிருக்கிறது. ஆனால் சொன்னால் ஸ்தபதி என்ன ஆவார்? காய்ச்சலுக்கு ராத்திரி பகலாகப் பார்த்துப் பிழைக்கவைத்த மனிதர் முகத்தில் விழிக்க முடியுமா? கிரேக்கர்களுக்கு நடுநிலை என்றால் உயிர். தைரியம் என்பது முரட்டுத்துணிச்சலுக்கும் கோழைத்தனத்துக்கும் நடுவில் இருக்கிறது என்று தேர்வுத்தாளில் எழுதினால் நான் முழு மதிப்பெண் போடுவேன். அன்று நான் அந்த இரண்டில் ஒரு கோடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வசதியாகப் படுத்திருந்தேன். எந்தக் கோடி என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்தாம் நாள் மாலை போய்ச் சொல்லிவிட்டேன். ஸ்தபதியின் மேல் குற்றமில்லை, பக்தியால் செய்தது என்று முன்னாலும் பின்னாலும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கையா?" என்றார். "ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

எழுந்து கடல் பக்கத்துச் சன்னலண்டை போய் நின்றார். கோபம் என்று நினைத்துக் காத்திருந்தேன். "நாளைக்கு நான் வரேன்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவருடைய மோட்டாரில் போனோம். கொட்டகை வாசலில் கனகசபை கைகட்டி நின்றார். டாக்டர் வீட்டு ஆள் மூலம் அதற்குள் அவருக்கு விஷயம் எட்டியிருந்தது. "தப்பு பண்ணிட்டேனாம் ஐயா. எனக்குத் தெரியலே," என்றார். டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

சாக்கு விலகியது. டாக்டர் தொப்பியைக் கழற்றினார். சிலையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. தோளிலிருந்து தொடங்கி, முழங்கை வழியாக, மணிக்கட்டு வரைக்கும் பார்வையாலேயே இறங்கினார். பிறகு முன்னால் போய், துணியைப் பிடித்திருந்த அந்த விரல்களின்மேல் தன் விரல்களை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"எஸ்டேட்டு ஆலையில ரப்பரை நசுக்கற உருளை உண்டு, புரொபசர்," என்றார். என்னைப் பார்க்காமலே பேசினார். "ஒரு கை மாட்டும். அத இழுக்கப் போற கையும் மாட்டும். அப்படி ஒரு பொண்ணக் கொண்டுவந்தாங்க. நம்ம ஊர்ப் பொண்ணு, இருபது வயசு இருக்கும். உயிரக் காப்பாத்த வேற வழியில்ல. ரெண்டையும் நான்தான் எடுத்தேன். தோளோட."

கனகசபை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மயக்கம் தெளிஞ்சதும் அழுவான்னு நெனச்சேன். அழலே. குனிஞ்சு தன்னப் பாத்தா. மாராப்பு வெலகியிருந்துச்சு. இழுக்கப் பாத்தா, முடியலே. 'ஐயா, யாராச்சும் என் சேலய இழுத்து விடுங்களேன்'னா. சுத்தி நின்னவங்க எல்லாம் ஆம்பளைங்க. நான்தான் இழுத்து விட்டேன்." மறு கையிலிருந்த தொப்பியைப் பலகைமேல் வைத்தார். "அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தேன். கூடத்துல இது நிக்குது. படிக்கற காலத்துல இத விட அழகு ஒலகத்துல இல்லன்னு நெனச்சு, ரெண்டு வருஷம் பட்டினி கெடந்து வாங்கினது. அன்னிக்குப் பாக்க முடியலே. போர்வையப் போட்டேன்."

அவர் அழுதார். சத்தமில்லாமல், கையை எடுக்காமல், வெகு நேரம் அழுதார். போர்வையைப் பற்றி நான் எழுதிக்கொண்ட தீர்ப்பு நினைவுக்கு வந்து, எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் பழைய நெடிய மனிதராக நிமிர்ந்தார். "குடுத்தது குடுத்ததுதான், புரொபசர். பெட்டி கட்டச் சொல்லுங்க. கையோட வேணுமோ, கை இல்லாம வேணுமோ, அது உங்க இஷ்டம்," என்றார். சொல்லும்போதும் அவர் விரல்கள் சிலையின் விரல்களை விடவில்லை.

பதினாறு வருஷ ஆசை. கடைசி பெஞ்சுப் பையன்கள். நானே ஆச்சரியப்படும்படி, யோசிக்க நேரம் பிடிக்கவில்லை.

"வேண்டாம், டாக்டர்," என்றேன். "இது உங்கள் வீட்டில் இருக்கட்டும்."

டாக்டர் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார். கனகசபைதான் எழுந்து, "பின்னறைக்கா ஐயா?" என்று கேட்டார்.

"இல்லடா. கூடத்துக்கு," என்றார் டாக்டர்.

சென்னை திரும்பியதும் துரை என்னை அறைக்குக் கூப்பிட்டு, சிலை எங்கே என்று கேட்டார். டாக்டரின் கதையை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஸ்தபதியின் கையைக் கேலிப்பொருளாக்கவும் மனமில்லை. கொண்டுவர முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வழியில் போட்டு உடைத்துவிட்டேன் என்று அவரே முடிவு செய்துகொண்டார். நல்ல மனிதர், பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கல்லூரியில் ஒரு கண்ணாடிக் குவளையைக்கூட என் கையில் கொடுத்து அனுப்பியதில்லை. துரை தம் தேசத்துக்குத் திரும்பிவிட்டார். டாக்டரும் இப்போது இல்லை; அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். அவர்கள் இருவரும் இருந்தவரைக்கும், பினாங்குக்குப் போய்ச் சிலையை உடைத்துவிட்டு வந்தவன் என்றுதான் கல்லூரியில் எனக்குப் பெயர். நான் அதை ஒரு தடவையும் மறுக்கவில்லை.